மடித்த இலை

ஆவுடைநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடத்து வாசலில் செருப்பைக் கழற்றினார், திரும்பவும் போட்டுக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் நடந்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி வந்து செருப்பைக் கழற்றினார். ஐம்பத்தாறு வயது மனுஷர், ஒரு நகராட்சிக்கே ஆணையர், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி வாசலை அளந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்ற நிலைமையில்தான் அவர் இருந்தார்.

மறுநாள் நகர்மன்றக் கூட்டம். ஊருக்கு வடக்கே இருக்கிற, குப்பையை மக்கவைக்கிற உரக்கிடங்கை இழுத்து மூடுவது என்று தீர்மானம் வரப்போகிறது. மூடினால் குப்பை லாரிகள் பழையபடி பெரியகுளத்துக் கரைக்குப் போகும். ஆலங்கரை ஊர்க் குப்பையெல்லாம் அந்தக் கரையில் கொட்டி, கொளுத்தி, தண்ணீரில் கறுப்பாய்ப் படலம் மிதந்த காலம் ஒன்று இருந்தது. அதை நிறுத்திக் கிடங்கைக் கொண்டுவந்தவர் ஆவுடைநாயகம்தான். இத்தனை வருஷ சர்வீஸில் நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எவ்வளவு ஆசையாய் ஆரம்பித்தார். வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. மக்கும் குப்பை இதில், மக்காத குப்பை அதில். ஜனங்கள் பச்சைத் தொட்டியில் அரிசி கொட்டி வைத்தார்கள், நீலத் தொட்டியில் துணி ஊறப்போட்டார்கள், குப்பையை மட்டும் வழக்கம்போல ஒரே பையில் முடிந்து தெருமுனையில் வீசினார்கள். மேலிடத்தில் எத்தனை டன், எத்தனை டன் என்று கேட்டார்கள், கூடவே போட்டோ கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. உரம் வாங்கிப்போன விவசாயி ஒருவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து ஆணையர் மேஜைமேலேயே கவிழ்த்தார். பாதி உரம், பாதி பிளாஸ்டிக் துணுக்கு.

அதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டார். நாற்றத்துக்குத்தான் அவரிடம் மருந்து இல்லை. மக்கிக் கறுப்பு மண்ணாக வேண்டிய குழிகள் அழுகிக் கிடந்தன. கிடங்கை ஒட்டிய பனையடிக் காலனியில் ஜனங்கள் சோற்றில் கை வைக்க முடியாமல் எழுந்து வந்து லாரியை மறித்தார்கள். குழியை ஏன் இப்படி நாற விட்டீர்கள் என்று அவர் சுகாதார அலுவலரைக் கேட்டார், சுகாதார அலுவலர் மேஸ்திரியைக் கேட்டார், மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

மரியபுஷ்பம் அந்தக் காலனிக்காரிதான். கிடங்கில் வேலை. குழியைக் கிளறிவிட இறங்கினவள் கையில், போட்டிருந்த உறையையும் கிழித்துக்கொண்டு, ஒரு கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. உள்ளங்கை வீங்கிச் சீழ் வைத்து அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆவுடைநாயகம் பார்க்கப் போனார். எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“கிடங்க மூடிருவீங்களா சார்?”

நாற்றம் அவள் வீட்டுக்கும்தான் வருகிறது. ஆனால் அவள் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். அவர் வாங்கிப்போன ஆப்பிள் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, போன் வந்த மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் தூங்கின தூக்கம் தூக்கமே இல்லை. அவள் இறங்கியது இலைக் குழி. கல்யாண மண்டபங்களில் இருந்து வருகிற வாழை இலை மட்டும் போடுகிற குழி. அதற்குள் கண்ணாடி எப்படி வரும்? யோசித்து யோசித்து, கிடங்கைக் கெடுக்க வேண்டும் என்று காலனிக்காரர்களே வந்து போட்டிருக்கிறார்கள் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் காலனி ஆட்கள்மேல் போலீஸில் புகார் கொடுப்பது, அப்புறம் கூட்டத்துக்குப் போவது என்று தீர்மானம் பண்ணிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு ஓடிவந்திருந்தார்.

மடத்துக்குத் தலைவி பூரணத்தம்மா. ஆவுடைநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். பிரசங்கம் கிடையாது, விபூதி எடுத்துக் கொடுப்பது கிடையாது. தினமும் மத்தியானம் வருகிறவர்களுக்குச் சோறு போடுவார். பந்தி முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்விடுவார், அந்த நேரத்தில் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது. அம்மா தியானத்தில் இருக்கிறார் என்று சீடர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வார்கள். ஏதாவது கேட்டால் பதில் வரும், ஆனால் எதற்கடா கேட்டோம் என்று இருக்கும்.

அவர் வெளியே வந்ததும் ஆவுடைநாயகம் நமஸ்காரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அம்மா, இந்த ஜனங்களை எப்படித் திருத்துறது?”

“சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?”

“சாப்பாடு கிடக்கட்டும்மா.”

“கிடக்க வேண்டாம், சூடா இருக்கு. உக்காருங்க.”

உட்கார்ந்தார். வேறு வழியில்லை. அன்றைக்கு யாருக்கோ பேரன் பிறந்த சந்தோஷத்தில் உபயம், அதனால் பந்தி கொஞ்சம் தடபுடல். வடை, அவியல், பேப்பர் கப்பில் பாயசம், ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில். ஆவுடைநாயகத்துக்கு வயிற்றெரிச்சல் உண்டு. சாப்பாட்டுக்கு முந்தி போட வேண்டிய மாத்திரை இலை போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, பையிலிருந்து எடுத்து முழுங்கினார். அதற்குள் போன். நகர்மன்றத் தலைவர் பேசினார், ஆணையர் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும், ஓட்டு எல்லாம் எண்ணியாகிவிட்டது என்று பரிவோடு சொன்னார். அந்தப் பரிவில் ஆவுடைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாம்பார் எது, ரசம் எது என்று தெரியாமல் அள்ளிப் போட்டுக்கொண்டார். திருப்தியாய்ச் சாப்பிட்டேன் என்று போட்டவர்களுக்குத் தெரிய வேண்டுமே, இலையைத் தன் பக்கமாக ஒழுங்காக மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

கழுவின ஈரம் காய்வதற்குள் மறுபடியும் போய் நின்றார்.

“சாப்பிட்டுட்டேன்மா. இப்பச் சொல்லுங்க.”

பூரணத்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“பின்கட்டுக்கு வாங்க.”

ஆவுடைநாயகத்துக்குச் சிலிர்த்துப்போய்விட்டது. பின்கட்டு. இத்தனை வருஷமாக ஒரு சீடரையும் அங்கே கூப்பிட்டதில்லை. ஏதோ உபதேசம் இருக்கிறது, மந்திரம் மாதிரி ஒன்று, அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நகர்மன்றத்தையே மடக்கிவிடலாம் என்று சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு பின்னாலேயே போனார். கைப்பேசியைக்கூட அணைத்துவிட்டார்.

பின்கட்டில் ஒரு விளக்கு இல்லை, ஆசனம் இல்லை. பந்தியில் இருந்து எடுத்த எச்சில் இலைகள் இரண்டு கூடை நிறைய இருந்தன, பக்கத்தில் சின்னதாக ஒரு உரக்குழி. அவ்வளவுதான்.

“இந்தக் கூடையை உங்க கிடங்குக்குக் கொடுத்தா எடுத்துக்கிடுவீங்களா?” என்று கேட்டார் பூரணத்தம்மா.

இதற்கா கூப்பிட்டார் என்று அவருக்குச் சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் அதிகாரி இல்லையா, விளக்கினார். இலை என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அது தங்கமான குப்பை. வீட்டுக் குப்பையைத்தான் மேஜையில் கொட்டிப் பிரிக்க வேண்டும், இலை லாரி வந்தால் பிரிக்காமல் நேரே குழிக்கு அனுப்பலாம். மெனக்கெட வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அவர் உத்தரவு போட்டுவிட்டார். வாழை இலையில் பிரிக்க என்ன இருக்கிறது?

“அப்போ நீங்களே பார்த்து வாங்கிக்கிடுங்க” என்று பூரணத்தம்மா தரையில் உட்கார்ந்து ஒரு கூடையைக் கவிழ்த்தார். “பிரிங்க.”

ஆவுடைநாயகம் நின்றபடியே நின்றார். அடுத்தவர் சாப்பிட்டு மடித்த இலையைப் பிரிப்பதா? எடுக்கிறவர்கள்கூட விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் போடுவார்களே தவிர, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மடித்தாயிற்று என்றால் அதோடு முடிந்தது. அவர் அப்பா சாப்பிட்ட இலையைக்கூட அவர் பிரித்தது கிடையாது.

பூரணத்தம்மா ஒரு இலையை எடுத்துப் பிரித்தார். மென்ற முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, நடுவில் நசுங்கின பேப்பர் கப். கப்பை ஒரு பக்கம் போட்டார், இலையை மறு பக்கம் போட்டார். அடுத்த இலை. பாட்டில் மூடி. அடுத்ததில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் பாக்குப் பொட்டலம்.

ஆவுடைநாயகத்துக்கு அருவருப்பு போன இடம் தெரியவில்லை, கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் குந்தினார். ஒன்றைப் பிரித்தார். முழுசாக ஒரு பாட்டில், கசக்கி, உருட்டி, பரிசுப் பொருளைப் பொதிகிற மாதிரி இலைக்குள் வைத்து மடித்திருந்தது.

“பார்த்தீங்களாம்மா? இதுதான் ஜனங்க. இவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்?”

ஆவுடைநாயகம் வேகவேகமாகப் பிரித்தார். டிஷ்யூ பேப்பர். இன்னொரு கப். ஷாம்பூ பாக்கெட் ஒன்று, அது ஏன் பந்திக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. படித்த ஜனங்கள் என்றார், கோயிலுக்குச் சமானமான இடத்தில்கூட இப்படியா என்றார், கேமரா வைத்து ஒவ்வொருத்தனையும் பிடித்து அபராதம் போட வேண்டும், பேரை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்றார். உண்மையைச் சொன்னால் அவருக்கு உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது. ஒவ்வொரு இலையும் அவர் கட்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கூடை முடிகிற சமயம் ஒரு இலை. நன்றாக மடித்த இலை, விளிம்போடு விளிம்பு சேர்ந்து இருந்தது. பிரித்தார். சாம்பாரும் ரசமும் கலந்து குழம்பிக் கிடந்தன. நடுவில் ஒரு மாத்திரை அட்டை. கடைசி மாத்திரையையும் எடுத்தாகிவிட்ட, வெள்ளித்தாள் கிழிந்த அட்டை.

ஆவுடைநாயகம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பையில் ஒன்றும் இல்லை.

அட்டையைச் சத்தமில்லாமல் கப்புகளுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். பூரணத்தம்மா தன் பாட்டுக்கு இலை பிரித்துக்கொண்டிருந்தார், ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது தேவலை. அவர் பார்க்காமல் இருந்ததுதான் ஆவுடைநாயகத்தைச் சும்மா இருக்கவிடவில்லை.

“இது என்னோடது” என்றார்.

“எதுக்கு இலைக்குள்ள வச்சீங்க?”

“தெரியலைம்மா. கையில இருந்துச்சு. போன்ல பேசிக்கிட்டே வச்சிருப்பேன். மடிச்சிட்டேன்.”

“மடிச்ச பிறகு?”

“மறந்துட்டேன்.”

“அதுக்குத்தானே மடிக்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலையை எடுத்தார்.

ஆவுடைநாயகத்துக்கு முகூர்த்த நாளில் கிடங்குக்கு வருகிற இலை லாரிகள் கண்முன்னால் வந்தன. ஒரு லாரியில் எத்தனை இலை, ஒவ்வொரு இலைக்குள்ளும் எத்தனை கப், எத்தனை மூடி. காற்றுப் போக வழியில்லாமல் பொட்டலம் பொட்டலமாகக் குழியில் அமுங்கி, அழுகாமல் என்ன செய்யும்? இங்கே இந்தப் பின்கட்டுக் குழியில் மண் வாசனைதான் வருகிறது. குப்பை கொஞ்சம், அதனால் நாறவில்லை என்று உள்ளே வந்தபோது அவர் நினைத்திருந்தார்.

அப்புறம் அந்தக் கண்ணாடி. பந்தியில் யார் கையோ தவறி ஜூஸ் டம்ளர் உடைந்திருக்கும். பக்கத்து இலைக்காரர் பார்ப்பதற்குள் கௌரவமாகச் சில்லைப் பொறுக்கி இலைக்குள் வைத்து மடித்திருப்பார்கள். எடுத்தவர்கள் பிரிக்கவில்லை. லாரி பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? காலனிக்காரன் ஒருவனும் குழிப்பக்கம் வரவில்லை. குழிக்குள் இறங்கின காலனிக்காரி மரியபுஷ்பம் ஒருத்திதான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. எச்சில் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அப்படியே குந்தியிருந்து, ஆஸ்பத்திரியில் மரியபுஷ்பம் கேட்டதையும் தான் பதில் சொல்லாமல் வெளியே வந்ததையும் சொல்லி அழுதார்.

பூரணத்தம்மா வேலையை நிறுத்தவில்லை. கடைசி இலை வரைக்கும் பிரித்தார். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துவந்து அவர் கையில் ஊற்றினார்.

“நாளைக்கு நான் என்னம்மா சொல்ல?” என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

“உங்ககிட்ட முதல்ல கேட்டது யாரு அண்ணாச்சி, நகர்மன்றமா?”

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். மரியபுஷ்பத்திடம் இலை லாரியைப் பிரிக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது தான்தான், அந்தக் கண்ணாடி அதனால்தான் குழிக்கு வந்தது என்று சொன்னார். மூடவிடாமல் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இந்தத் தடவை அவர் போன் வந்த மாதிரி பாவனை பண்ணவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் விரட்டுகிறவரைக்கும் நின்றார்.

புகார் கொடுக்கவில்லை. நகர்மன்றத்திலும் உள்ளதை உள்ளபடி சொன்னார், மாத்திரை அட்டை உட்பட. சபை சிரித்தது. ஆணையர் எச்சில் இலை பிரித்த கதை சாயங்காலத்துக்குள் டீக்கடை டீக்கடையாகப் போய்விட்டது. ஆனால் காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு மூடு என்று கை தூக்கக் கொஞ்சம் பேர் தயங்கினார்கள். தை பிறக்கிறவரை பார்ப்பது, அதற்குள் நாற்றம் அடங்காவிட்டால் மூடிவிடுவது என்று தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள்.

அதற்கப்புறம் ஆவுடைநாயகம் பட்ட பாடு இருக்கிறதே. இலை லாரி எல்லாம் பிரிக்கிற மேஜைக்குப் போக வேண்டும் என்று புது உத்தரவு. அது போதாதென்று மண்டபம் மண்டபமாக அவரே போய், சாப்பிட்டுவிட்டு இலையை மடிக்காதீர்கள், திறந்தபடியே விடுங்கள், உள்ளே இருப்பது எடுக்கிறவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பந்தி நடுவில் நின்று கெஞ்சினார். ஒரு பெண்ணின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். இலையைத் திறந்து போட்டால் சாப்பாடு நன்றாயில்லை என்று சம்பந்தி வீட்டார் நினைத்துக்கொள்ள மாட்டார்களா? மண்டபக்காரர்கள் அபசகுனம் என்றார்கள். சமையல்காரர் ஒருவர் தன் பந்தியில் இத்தனை இலை மடிக்காமல் கிடந்ததைப் பார்த்து மனசு விட்டுப்போய்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சரி சரி என்று தலையாட்டினவர்களும், அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் மடித்துவிட்டு எழுந்தார்கள்.

ஐப்பசி முகூர்த்தங்கள் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மடத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பூரணத்தம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். ஆவுடைநாயகம் ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு குறை சொல்வதுமாகப் பொரிந்து தள்ளினார். குழியில் நாற்றம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம், காலனிக்காரர்கள் இப்போதைக்கு லாரியை விடுகிறார்களாம். மரியபுஷ்பத்துக்கு விரல்கள் தப்பிவிட்டன, ஆனால் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது, காலம் ஆகும் என்கிறார் டாக்டர். தை பிறக்க இன்னும் அதிக நாள் இல்லை. இவர்கள் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறார்கள். சின்ன விஷயம், இலையை மடிக்காமல் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான், இதைச் செய்ய என்ன கேடு? சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டது.

“எவ்வளவு காலம்மா ஆகும், இந்த ஜனங்க மாற?”

பூரணத்தம்மா மோர் வாளியோடு அவர் முன்னால் நின்றார். பேச்சு வேகத்தில் ஆவுடைநாயகம் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார். அவருடைய இலை ஒழுங்காக, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, அவர் பக்கமாக மடிந்திருந்தது. அதன்மேல்தான் அவர் கை இருந்தது.

“உங்க கைக்கு எவ்வளவு காலம் ஆகும், அண்ணாச்சி?”